காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால்

என் மகனுக்குக் கவாசாகி நோய் வந்தபோது இரண்டரை வயது. குழந்தைகளின் ரத்தக் குழாய்களில், முக்கியமாக இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி தமனிகளில், அழற்சி உண்டாக்கும் நோய் இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வரும். காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

மருந்து கொடுத்தால் கொஞ்சம் தணியும், சில மணி நேரத்தில் மறுபடி 103க்கு ஏறிவிடும். அப்படி ஒரு காய்ச்சல். பிறகு கண் இரண்டும் சிவந்தன. பீளை கட்டவில்லை, நீர் வடியவில்லை. மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் தடிப்பு. உதடு செக்கச்செவேலென்று வெடித்தது. தூக்கினாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை. பாதம் வீங்கி, செருப்பை மாட்டப் போனாலே காலை இழுத்துக்கொண்டான்.

"அம்மை போட்டிருக்கும்மா, வேப்பிலை வச்சு நாலு நாள் பார்ப்போம்" என்றார் என் மாமியார். காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் நம் பக்கத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். "இல்லத்தை, ஒரு எட்டு காட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினேன். இந்த நோயில் அந்த நாலு நாள்தான் உயிர்நாடி.

ஐந்து நாளாக இறங்காத காய்ச்சல். கூடவே கண் சிவப்பு, உதடும் நாக்கும் சிவப்பது, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுவது ஆகிய ஐந்தில் நான்கு. இவைதாம் டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்கள். தொல்லை என்னவென்றால், எல்லாம் ஒரே நாளில் தெரியாது. ஒன்று வரும்போது இன்னொன்று மறைந்துவிடும். டாக்டர் பார்த்த நேரத்தில் தடிப்பு அடங்கியிருந்தது. போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றும் என்றைக்கு எடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பையனின் இடது கைச் சட்டையை மேலே தள்ளிப் பார்த்தார். பிறந்தபோது பிசிஜி ஊசி போட்ட தழும்பு சிவந்து தடித்திருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் அந்தத் தடுப்பூசி போடும் நம் நாட்டில் இது நல்ல துப்பு. ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தைகளுக்கு இத்தனை அடையாளமும் தெரியாமலே போகலாம் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும்.

டோக்கியோவில் டொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961இல் இப்படி ஒரு பையனைப் பார்த்தார். என்ன நோய் என்று புரியவில்லை. அடுத்த ஆண்டு அதே மாதிரி இன்னொரு குழந்தை வந்தது. விடாமல் குறித்து வைத்து, 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தக் குறிப்புகளின் பலனைத்தான் என் மகன் அனுபவிக்கிறான்.

சிகிச்சை, இம்யூனோகுளோபுலின் டிரிப். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்று கணக்கிட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றினார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குத் தமனி பலூன் போல வீங்கலாம். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இந்த மருந்து ஏறினால் அது நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் குறைகிறது. விலை அதிகம். காப்பீடு எவ்வளவு தரும், மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் மருந்து அது. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் முதல் முறை சரியாக இருந்தால் நிம்மதியாகி நின்றுவிடக் கூடாது. வீக்கம் பின்னால் தெரியலாம் என்பதால் இரண்டாவது வாரமும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்ளும் மறுபடி எடுக்கிறார்கள். நடுவில் விரல் நுனியில் நகத்தையொட்டித் தோல் உரியும். அது நோயின் போக்குதான். காய்ச்சல் தானே விட்டுப்போன ஒரு குழந்தைக்கு இப்படி உரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், எக்கோ தேவைப்படலாம்.

வீட்டுக்கு வந்தபின் குறைந்த அளவு ஆஸ்பிரின் தினமும். அதைக் கொடுக்கும் நாட்களில் இபுப்ரோஃபன் கூடாது. பக்கத்தில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். எம்எம்ஆர், சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போடச் சொன்னார்கள். டிரிப் ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அங்கன்வாடியில் அட்டையைப் பிரித்ததும் கண்ணில் பட வேண்டும்.