மன்னார்த் தீவிலும் கரையிலும் நன்னீரைக் காத்துப் பயிர் செய்தல்

கமக்காரருக்கு,

மன்னார்ப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்குக் குளத்திலும் நிலத்தடியிலும் தங்கிய நீரே நமது கைமுதல். பருவமழை பொய்த்த 2016/17 பெரும்போகத்தை அடுத்து, 2017 ஆம் ஆண்டில் இலங்கையின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டினும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மழையை வரவழைத்தல் நம்மால் இயலாது. வந்த நீரை அளந்து செலவிடுதல் இயலும்.

குளத்து நீரும் நெற்பயிரும்

கட்டுக்கரைக் குளம் அருவி ஆற்றின் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் பெறுகின்றது. ஆகவே, ஆற்றின் மேற்பகுதியில் மழை குறைந்தாலும் நமது வயல்கள் வாடும். இந்நீரைப் பின்வருமாறு சிக்கனப்படுத்துக.

1. முதல் மழையின் ஈரத்திலேயே உழுது, புழுதியில் விதைத்துவிடுக. சேறாக்குவதற்குச் செலவாகும் குளத்து நீர் பின்னர் கதிருக்கு உதவும்.

2. முருங்கன் பகுதிக் கரிய களிமண் காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். பின்னர் விடும் நீர் வெடிப்பின் வழியே வீணாகும். ஆதலால் வெடிப்பு விழுமுன்பே நீர் பாய்ச்சுக. குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர்க்குறை நேரவிடலாகாது.

3. சிறுபோகக் கூட்டத்தில் தீர்மானித்த ஏக்கரளவை மீறி விதையாதீர். மூன்று மாத இனமாகிய பி.ஜி. 300 நீர் குறைந்த போகத்திற்கு ஏற்றது. உவர் தட்டிய வயலுக்கு, உவரைத் தாங்கும் மூன்றரை மாத இனமாகிய ஏ.ரி. 354 தகும்.

கிணற்று நீரின் இயல்பு

தீவின் மணலில் இறங்கிய மழைநீர், கனம் குறைந்ததாகையால், கீழே ஊடுருவியுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் தங்கும் என்பது பொதுக் கணக்கு. ஒல்லாந்து, ஜேர்மனி நாடுகளின் கரையோரங்களில் நூறாண்டுகளுக்கு முன்னரே இது கண்டறியப்பட்டது. இக்கணக்கின்படி, நீர்மட்டம் அரை அடி தாழ்ந்து நிலைத்துவிட்டால், கீழுள்ள உவர்நீர் 20 அடி மேலெழும். நீர் போதவில்லை என்று கிணற்றை ஆழப்படுத்துவோர் உவர்நீரையே அண்மையில் அழைக்கின்றனர்.

தோட்டக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. கிணற்றை ஆழப்படுத்தாதீர். அவசியமாயின், சற்று விலகி ஆழமற்ற வேறொரு கிணறு தோண்டி, இரண்டிலும் மாறிமாறி இறைக்க.

2. சிறிய இயந்திரத்தால், காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைக்க. ஒரே மூச்சில் கிணற்றை வற்றச் செய்யலாகாது.

3. கோடையில் மாதம் ஒருமுறையேனும் நீரின் உவர்த்தன்மையைப் பரிசோதிப்பித்துக் குறித்து வைக்க. மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமென்சுக்குக் குறைந்த நீர் எப்பயிருக்கும் தகும். 3 ஐத் தாண்டிய நீர் பெரும்பாலான மரக்கறிகளுக்குக் கேடு.

4. உவர் ஏறும்போது முதலில் வாடுவன போஞ்சியும் வெங்காயமும். அத்தகைய தோட்டத்தில் பயற்றை, பீற்றூட் ஆகியவற்றை நடுக.

5. பாத்திகளுக்கு மாட்டெரு இட்டு, வைக்கோலாலோ காய்ந்த பனையோலையாலோ மூடாக்கிடுக. மணல் நிலத்தின் ஈரம் இதனால் நெடுநேரம் நிற்கும்.

6. 500 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,100 லீற்றருக்கு மேல் நீர் விழும். பீலி கட்டி, மூடிய தொட்டியில் அதனைச் சேர்த்தால் வீட்டுத் தேவைக்குக் கிணற்றை நாடுவது குறையும்.

அயலாரின் கிணறும் உங்கள் கிணறும் ஒரே நீரைப் பங்கிடுகின்றன. ஒருவர் அளவின்றி இறைத்தால் மற்றவரின் குடிநீரும் உவர்க்கும்; உவர்த்த கிணறு மீண்டும் இனிக்கப் பல மாரிகள் செல்லலாம். ஆதலால் கோடை தொடங்குமுன் அயலாருடன் கூடி, இறைக்கும் முறையையும் நேரத்தையும் வகுத்துக்கொள்க.

மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.