சொன்ன கிழமை, சொன்ன நேரம்

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேரப் போவதாக வீட்டில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் சிரிப்பார், இன்னொருவர் "பத்திரம்பா" என்பார். 1794-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரைச் சினிமா நகைச்சுவை அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறது. உள்ளே போனால் தெரியும், அங்கிருப்பவர்களில் பலரை வாட்டுவது அலுப்பு. பேச வரும் ஆள் இல்லாத மத்தியானங்கள்.

முதலில் அனுமதி. வாசல் காவலரிடம் கேட்டுப் பயனில்லை. இயக்குநர் அல்லது கண்காணிப்பாளர் பெயருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சமூகப் பணியாளர் ஒருவரைச் சந்தித்துப் பேசுங்கள். அடையாள அட்டை நகல், உங்களுக்கு என்ன தெரியும், எந்தக் கிழமை வரமுடியும், இவ்வளவு போதும். ஆர்வக் கோளாறில் வாரம் ஐந்து நாள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே கிழமை, இரண்டு மணி நேரம், ஆறு மாதம் என்பதே நிறைவேற்றக்கூடிய கணக்கு. பெரிய ஆஸ்பத்திரி மிரட்டினால், மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பேன்யன் போன்ற அமைப்புகளிடம் விசாரிக்கலாம்.

கிளம்பும்போது பை வேண்டாம். கத்தரிக்கோல், கண்ணாடிச் சாமான், தீப்பெட்டி, மாத்திரை எதுவும் கையில் இருக்கக்கூடாது. துப்பட்டாவைத் தவிர்ப்பது நல்லது. தின்பண்டம் வாங்கிப் போவதாக இருந்தால் வார்டு சிஸ்டரிடம் முதலில் கேளுங்கள். சிலருக்குச் சர்க்கரை இருக்கும், மருந்தால் சிலருக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கும்.

முதல் நாள் எதையும் 'நடத்த' வேண்டாம். சிஸ்டர் காட்டும் இடத்தில், ஊழியர் கண்ணில் படும்படி, வாசலை மறிக்காமல் உட்காருங்கள். பெயர் சொல்லுங்கள். வயதுக்கேற்ப ஐயா, அம்மா, அண்ணே என்று கூப்பிடுங்கள். குழந்தையிடம் கொஞ்சுகிற குரல் மட்டும் வேண்டவே வேண்டாம், அறுபது வயதுக்காரரை அது கூசவைக்கும். "என்ன நோய்?" என்று கேட்காதீர்கள். எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று தொடங்கினால் தறி, மீன்பிடி, பஸ் கண்டக்டர் வேலை என்று பேச்சு தானாக ஓடும். ஓடாவிட்டால் தாயம், கேரம், கோலமாவு, பழைய பாட்டு. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

மருந்து செய்வதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கும், வாய் உலரும், தூக்கம் வரும், சிலரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பாதி ஆட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் அது உங்கள் மேல் கோபமாக இருக்க வேண்டியதில்லை. டம்ளரில் டீயைப் பாதி மட்டும், ஆறவைத்து ஊற்றிக் கொடுங்கள்.

காதில் யாரோ திட்டுவதாக ஒருவர் சொன்னால், "அப்படியெல்லாம் இல்லை" என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலைம்மா. உங்களுக்குக் கேக்கும்போது பயமா இருக்குமில்ல?" என்று கேளுங்கள். ஆனால் சாகத் தோன்றுகிறது என்று காதோடு சொன்னால் அதை ரகசியமாக வைக்கக்கூடாது. அப்போதே சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லப்போவதை மனம் திறந்தவரிடமும் தெரிவித்துவிட்டு.

"ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்", "பத்து ரூபா குடுங்க", "எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்க?" இந்த மூன்றும் நிச்சயம் வரும். முதலிரண்டுக்கும் மறுப்பு, முகம் சுளிக்காமல். மூன்றாவதுக்கு, "எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேக்கலாம்." சமாதானத்துக்காக "சீக்கிரம்" என்று ஓர் அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். அடுத்த வாரம் அந்த அம்மா துணிகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் மீது எனக்கு எரிச்சல் உண்டு. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். கேட்ட கதையை வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவராதீர்கள். மனம் கனத்தால் உங்களைச் சேர்த்த சமூகப் பணியாளரிடம் இறக்கி வையுங்கள். இரவில் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416 உங்களுக்கும்தான்.

வரமுடியாத வாரம் முன்கூட்டியே வார்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். அடியோடு நிற்கப் போகிறீர்கள் என்றால் மூன்று வாரம் முன்பே, "இன்னும் மூணு தடவை வருவேன்", பிறகு "இன்னும் ரெண்டு" என்று எண்ணிச் சொல்லுங்கள். கடைசி நாள் தாயக்கட்டையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.