கறுப்பு மருதாணி: தாய்மார்கள் கவனத்திற்கு

பெருநாள் இரவிலும் நிக்காஹ் வீட்டிலும் நம் பெண்மக்கள் மருதாணி இட்டுக்கொள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. சாந்தைக் கழுவிய பின் எஞ்சுவது நிறம் மட்டுமே. ஆகவே ஒளூச் செய்யும்போது தண்ணீர் தோலைச் சேரத் தடையில்லை.

ஆனால், 'கறுப்பு மருதாணி' என்று கோன்களில் அடைத்து விற்கப்படுவதை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன் என்னும் பொருள். அந்நிறம் முதலில் செம்மஞ்சளாக இருந்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிரும். எவ்வளவு நல்ல இலையும் ஒரு மணி நேரத்தில் கையைக் கருமையாக்காது. அவ்விதம் கறுத்தால், அதில் பெரும்பாலும் கலந்திருப்பது தலைமுடிச் சாயத்தில் சேரும் பாரா-பினைலீன்டைஅமீன் என்னும் இரசாயனம்.

தலையில் பூசுவதைக் கையில் பூசினால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் முடிச்சாயத்தில் இதை 2 சதவீதம் வரையே அனுமதிக்கிறது. தோலில் பூச அனுமதியே இல்லை. கறுப்பு மருதாணிகள் சிலவற்றைச் சோதித்ததில் 10 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அதுவும் தோலிலேயே மணிக்கணக்கில் காய்கிறது.

விளைவு என்ன? சிலருக்கு ஓரிரு நாளிலும், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்தும், கோலமிட்ட இடம் சிவந்து, அரித்து, கொப்புளம் கட்டுகிறது. ஆறிய பின்னும் தழும்பு நிற்பதுண்டு. அதனினும் பெரிது, ஒருமுறை பற்றிய ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீங்குவதில்லை. சிறு வயதில் கையில் இட்டவர், பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசியதும் முகம் வீங்கி மருத்துவமனை செல்ல நேரிடலாம்.

எனவே நாம் செய்யவேண்டியவை:

1. இலையை வீட்டிலேயே அரைப்போம். நிறம் கூட எலுமிச்சைச் சாறும் தேயிலைச் சாயமும் போதும்.

2. சேர்மானம் அச்சிடாத கோனையும், உடனே கறுக்கும் என்று விற்கும் கோனையும் வாங்காதிருப்போம்.

3. இட்ட இடம் அரித்தால் உடனே கழுவிவிட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுவோம். ஒருமுறை ஒவ்வாமை கண்டவர், முடிச்சாயம் பூசுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

நம் கைகளாலேயே நமக்குக் கேடு தேடிக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது. ஒரு நாள் அழகுக்காக நம் பிள்ளைகளின் கைகளில் ஆயுள் முழுதும் நீளும் தொல்லையை நாமே எழுதிவிடலாமா? சிந்திப்போமாக!