பாரம் சுமக்கும் சைக்கிளுக்கு எந்த போர்க்?



1976-இல் ஜனதா காலனியிலிருந்து சீத்தா கேம்ப் வந்து சேர்ந்த நம் மக்கள், கைத்தொழிலையும் சிறு வியாபாரத்தையும் நம்பியே தலையெடுத்தனர். அத்தகைய தொழில்களுக்கு உற்ற துணை சைக்கிள். ரப்பர் ஹாரனை அழுத்தியபடி வரும் இட்லிக்காரரைப் பாருங்கள். பின்னால் இட்லிப் பாத்திரம். ஹேண்டில்பாரில் சாம்பார், சட்னி வாளிகள். பின்சக்கரம் கெட்டால் வண்டி நிற்கும். முன் போர்க் உடைந்தால் ஆளே முகங்குப்புற விழுவார்.

போர்க் என்பது முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கவை. இங்குள்ள பட்டறைகளில் கேட்டால் 'சிம்டா' என்பார்கள். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த வளைக்கும் விசை, கால்கள் இரண்டும் சேரும் மேற்பகுதியிலும், அதற்கு மேலே செல்லும் தண்டின் அடியிலுமே அதிகம் விழுகிறது. முறிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. தடித்த எஃகுக் குழாயாக இருக்கட்டும். பக்கத்துக்கு இரண்டு கால் வைத்த போர்க் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்பிரிங் வைத்த போர்க் பாரத்தில் அமுங்கும், அது வேண்டாம்.

2. தண்டின் அளவு முக்கியம். பழைய வகைத் தண்டு 25.4 மி.மீ.; புதிய வகை 28.6 மி.மீ. சுவர்த் தடிமன் ஒன்றானால், வளையாமல் தாங்கும் வலிமை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே புதியது கால் பங்குக்கு மேல் வலிமையானது. ஆனால் பழைய பிரேமில் அது நுழையாது. அளந்து பார்த்தே வாங்குங்கள்.

3. வளைந்த போர்க்கைத் தட்டி நிமிர்த்தி ஓட்டாதீர்கள். வளைத்து நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

வாரம் ஒருமுறை துணியால் துடைத்துப் பாருங்கள். மேற்பகுதியில் பெயின்ட் சுருங்கியோ உதிர்ந்தோ இருந்தால் உடனே மாற்றுங்கள். இருபக்க வாளிகளும் ஒரே எடையாக இருக்கட்டும். கனமான சுமையைப் பின் கேரியருக்கு மாற்றுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: ஒரே தடிமன் உள்ள இரு குழாய்கள், விட்டம் 20 மி.மீ., 25 மி.மீ. பெரியது எத்தனை மடங்கு வலிமை? 625-ஐ 400-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு!

போர்க்குக்குக் கொடுக்கும் காசு செலவல்ல. வீட்டின் சோற்றுப் பானைக்குப் போடும் காவல்.