அலையை முதலில் பார், கண்ணு

கண்ணு, நம் தென்னேரி என்பது ‘திரையன் ஏரி’ என்ற பழம்பெயரின் மருவு என்பார்கள். திரை என்றால் அலை. அந்த ஏரியில் நீந்திப் பழகிய செருக்கோடு சென்னைப் பக்கத்துக் கோவளம் கடலில் இறங்கியவன் நான். சர்ஃபிங் பழக நீ அங்கே போகிறாய். என் தவறுகளையும் உடன் எடுத்துப் போ.

1. இறங்குமுன் கரையில் உட்கார். அரை மணி நேரமாவது கடலைப் பார். ஐந்தாறு சின்ன அலைகளைக் கண்டு, கடல் இவ்வளவுதான் என்று நினைத்து இறங்கினேன். பெரியவை பின்னால் வரிசையாக வந்தன. கடல் தன் கையிருப்பை உடனே காட்டாது.

2. விடியலில் போ. அப்போது பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று வீசும். அலையின் முகம் வழவழப்பாக எழும். வெயில் ஏறினால் கடற்காற்று வந்து அதைக் கலைத்துவிடும். தூங்கியே தொலைத்த நல்ல அலைகளை இன்று யாரிடம் போய்க் கேட்பேன்?

3. மணலடிதானே என்று அசட்டையாக இராதே. பாறைபோல் கிழிக்காது, உண்மைதான்; ஆனால் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று முழங்காலளவாக இருக்கலாம். தலைகுப்புறப் பாய்ந்து தோளைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்: தட்டையாக விழு, கைகளால் தலையை மூடு.

4. இருபுறமும் நுரை பொங்க, நடுவே அமைதியாகத் தெரியும் வழியில் இறங்காதே. கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது. இழுத்தால் எதிர்த்து நீந்தாதே. பலகையை விடாமல் கரைக்கு இணையாக நகர், கையை உயர்த்தி உதவி கேள். நான் கேட்க வெட்கப்பட்டேன். கை மரத்துப்போன என்னை ஒரு மீனவர்தான் கரை சேர்த்தார்.

5. கடலோடிகளின் பேச்சைக் கேள். வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் ‘தெண்டி’ என்றும் தெற்கே ஓடுவதை ‘வன்னி’ என்றும் பிரித்தறிபவர்கள் அவர்கள். கோவளத்தில் சர்ஃபிங்கை வளர்த்த மூர்த்தி மேகவனும் மீனவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறும். மீனவர்கள் படகைக் கரையேற்றிவிட்டால் நீயும் பலகையைத் தொடாதே.

6. கரையோர நுரையில் பல நாள் பழகு. நம் தறியில் புடவை நெய்யுமுன் எத்தனை நாள் அறுந்த இழையை முடியக் கற்கிறோம்? 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அத்தகையவர்களுக்கும் பலகைமேல் நிற்கும் நேரத்தைவிட அலைக்குக் காத்திருக்கும் நேரமே அதிகம்.

7. ஓர் அலை ஒருவருக்கு. அது உடையும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே உரியது, நீ விலகு. ஒருமுறை குறுக்கே பாய்ந்து ஒரு சிறுவனை விழவைத்தேன். அன்று பிடித்த அலை நினைவில் இல்லை, கண்ணு. அவன் முகம் இருக்கிறது.