மகரக்கட்டுக்குப் பிறகு

ஆலங்குடி

அன்புள்ள மருமகனுக்கு, மாமன் எழுதுவது.

விடுதியில் தோழர்களோடு இருக்கையில் ஒருவனாகவும், ஊருக்கு வந்து உன் அம்மாவின் எதிரே சாப்பிட உட்காருகையில் வேறொருவனாகவும் இருப்பதாக எழுதியிருந்தாய். இவ்விருவரில் உன் உண்மை ஸ்வரூபம் எது என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசி வரியில், கல்லூரி நாடகத்தில் வேஷம் கட்டப் போவதாகவும் தெரிவித்திருந்தாய். உன் கேள்விக்கு அந்தக் கடைசி வரியிலிருந்தே விடை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1918ஆம் ஆண்டு மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவரை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய நம் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை சுவீகார புத்திரனாகவே ஏற்றுக்கொண்டார் என்பர். ஆகவே அவருடைய தாள ஞானத்தில் நம் ஜில்லாவுக்கும் ஒரு பங்குண்டு. அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்த டி. கே. சண்முகம், 1942இல் அவ்வையாராக வேஷமிட்டு, அன்று முதல் ஆயுள் முழுவதும் அவ்வை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். முப்பது வயது வாலிபர் ஒருவர் ஒரு கிழவியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சுமந்தார். அது அவரைச் சிறிதும் மறைக்கவில்லை என்பதையே நீ முதலில் யோசிக்க வேண்டும்.

ஆயினும் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களின் வாழ்க்கையை வெறும் இனிமையாக வர்ணித்தால் நான் உனக்குப் பொய் சொன்னவனாவேன். வீடு, பள்ளிக்கூடம், சுற்றம் எல்லாமே கம்பெனிதான். ஒரே பாயில் உறக்கம், ஒரே பந்தியில் சோறு, பாடம் தவறினால் வாத்தியாரின் பிரம்பு. அவற்றையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது, நேற்று வரை பெண் வேடமான ஸ்திரீபார்ட்டாகவோ பால பார்ட்டாகவோ சபையோரை மயக்கிய பையன், இன்று பாட வாய் திறந்தால் கரகரப்பன்றி வேறொன்றும் வராமல் நிற்பான். கம்பெனி தனக்குக் கொடுத்த பெயரையே தான் என்று நம்பியிருந்த பிள்ளைக்கு அந்த நாள் எப்படி விடிந்திருக்கும்! புதுக்கோட்டையிலே பிறந்த பி. யு. சின்னப்பாவும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவரே. பின்னர் ஸ்பெஷல் நாடகங்களிலும் நடித்துத் தேர்ந்து, திரைக்குச் சென்று, 1940இல் உத்தம புத்திரனில் இரட்டை வேடம் பூண்டார்.

அந்த ஸ்பெஷல் நாடகம்தான் நான் உனக்குச் சொல்ல வந்த விஷயம். கோயில் திருவிழாவுக்கென்று நம் பக்கத்துக் கிராமங்களில் ஒட்டப்படும் வள்ளி திருமண நோட்டீஸ்களை நீ சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு படத்தின் கீழும் நடிகரின் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் இருக்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். அவரவரைத் தனித்தனியே பேசி ஒப்பந்தம் செய்வதால், சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். சந்தித்து, விடியும் வரை நடிப்பார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்கையில், இவர் எடுத்த பாட்டுக்கு அவர் சற்றும் தயங்காமல் பதில் பாட்டெடுப்பதற்குக் காரணம், சுவாமிகள் வகுத்துத் தந்த பாட்டும் மரபும் இருவர் தொண்டையிலும் முன்பே குடியிருப்பதுதான். ஆனால் அந்தப் பொது உடைமைக்கு நடுவே, எங்கே நிறுத்துவது, எங்கே எதிராளியை மடக்குவது என்பதெல்லாம் அவரவருடைய சொந்தச் சரக்கு. பொதுப்பாட்டு இல்லாவிட்டால் அந்தச் சொந்தம் தெரியவே வழியில்லை.

இவர்களையே பகலில் கூத்தாடி என்று அலட்சியமாகச் சொல்லும் வாய்களும் உண்டு. ஒரு கூட்டத்தில் சேர்ந்தவனுக்கு உள்ளேயிருந்து ஒரு பெயரும் வெளியேயிருந்து ஒரு பெயரும் கிடைக்கின்றன. வெளியார் இட்ட பெயரைச் சுமக்கும் துயரத்தை, நடிகர் சங்கத்தில் கூடி உட்கார்ந்துதான் அவர்கள் ஆற்றிக்கொள்கிறார்கள்.

ஆகவே, விடுதியில் இருப்பவனும் நீதான். அம்மாவின் எதிரே இருப்பவனும் நீதான். இரண்டும் நீ உண்மையாகவே ஏற்ற பார்ட்டுகள். அந்தத் தோழர் கூட்டத்தைப் பற்றி நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளை உனக்கு மகரக்கட்டு வந்தால், அதாவது அவர்கள் விரும்பும் பாட்டை உன்னால் பாட முடியாமலோ, பாட மனமில்லாமலோ போனால், உனக்கு வேறொரு பார்ட் கொடுத்து உடன் வைத்துக்கொள்வார்களா? அவர்களில் ஒருவனுக்கு அந்நிலை நேர்ந்தபோது என்ன செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்து, அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுது.

வைகாசியில் பக்கத்து ஊரில் வள்ளி திருமணம் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு வா. ஆர்மோனியக்காரர் முகம் தெரியும்படி மேடையின் பக்கவாட்டில் பாய் விரித்து உட்காருவோம். இதுவரை தன்னோடு பாடியிராத ஒருவர் மேடையேறும்போது, அவருடைய சுருதி எது என்று ஆர்மோனியக்காரர் காது கொடுத்துத் தேடும் அந்த ஒரு கணத்தை நீ பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்