உறங்கும் குழந்தைக்குக் காது கேட்கிறதா?

"அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று காத்திருக்கும் பெற்றோரை விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். தட்டைத் தட்டிப் பார்ப்பது போதாது. அதிர்வை உணர்ந்தும் குழந்தை திரும்பக்கூடும்.

பெரா பரிசோதனையில், உறங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னும் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் 'டிக் டிக்' ஒலியைச் செலுத்துகிறோம். ஒலி கேட்டால், செவிநரம்பும் மூளைத்தண்டும் ஏறத்தாழ 10 மில்லி விநாடிகளுக்குள் மின்னலைகளாக மறுமொழி தருகின்றன. கணினி அவற்றைப் பதிவு செய்கிறது. வலி இல்லை, குழந்தை பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

1 மாதத்திற்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்திற்குள் செவித்துணைக் கருவி அல்லது பிற சிகிச்சை தொடங்குதல் என்பதே நெறி. பேச்சு வளரும் பருவம் காத்திருக்காது.

பரிசோதனை நாளன்று தலைக்கு எண்ணெய் தடவாமல், பாலூட்டி உறங்கும் நேரத்தில் குழந்தையை அழைத்து வாருங்கள்.